சொந்தமாகக் கட்டிய ரவுட்டர் மெதுவாக ஓடினால்: செட்டிங்ஸா, லேன் கார்டா, புதுப் பெட்டியா, ரெடிமேடா?

பழைய டெஸ்க்டாப்பிலோ மினி பிசியிலோ ஓப்பன்டபிள்யூஆர்டி, பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்ற ரவுட்டர் மென்பொருள்களைப் போட்டு ரவுட்டராக்கி வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பிளான் 300 எம்பிபிஎஸ், வருவது 90. புது மினி பிசி வாங்கிடலாமா, லேன் கார்டு மாத்தினா போதுமா, இல்ல ஏதாவது செட்டிங்ஸ்ல இருக்கா?" வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டுக்கு ஃபைபர் போட்டவரும் கேட்கிறார், காட்பாடியில் விஐடி பக்கம் நான்கு பேராக அறையெடுத்துத் தங்கும் மாணவர்களும் கேட்கிறார்கள், சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி லாட்ஜ் நடத்துபவரும் கேட்கிறார். மூவருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஆனால் விடைக்குப் போகும் வழி ஒன்றுதான். வேகம் எந்த எண்ணில் போய் முட்டி நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பழுது எங்கே என்பதை அந்த எண்ணே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்க்காமல் பெட்டியை மாற்றினால், அறுந்த கேபிளோடு புதுப் பெட்டியும் அதே 90-இல்தான் ஓடும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் லைன் வேகம். இன்றைய பிளான் மட்டுமல்ல, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் போகக்கூடிய பிளானையும் சேர்த்துப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்குப் போதுமான பெட்டி 500-க்குப் போதாமல் போகலாம்.

இரண்டாவது, பெட்டி செய்யும் வேலை. ஒரே இணைப்பைப் பலருக்குப் பகிர்வது மட்டும்தான் என்றால் பழைய ப்ராசசரே தாராளம். வரிசை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம், விபிஎன், சூரிகாட்டா போன்ற ஊடுருவல் தடுப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போதுதான் ப்ராசசர் மூச்சு வாங்கும்.

மூன்றாவது, கரண்டும் வெயிலும். ரவுட்டர் 24 மணி நேரமும் ஓடும் பொருள். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஏசி இல்லாத அறையில், மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு அது இன்னும் கூடுதல். நான்காவது, கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது. ஐந்தாவது, நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பெட்டி நின்றுபோனால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்பது. பலரும் கடைசியாக யோசிப்பது இதைத்தான். முதலிலேயே யோசிக்க வேண்டும்.

பணம் ஆறாவது. கீழே வரும் நான்கு வழிகளில் ஒன்றுக்குப் பணமே வேண்டாம்; இன்னொன்று சில நூறுகளிலேயே முடியலாம்.

## வாங்கும் முன் ஒரு மணி நேர அளவெடுப்பு

வைஃபையில் ஸ்பீட் டெஸ்ட் எடுத்து ரவுட்டரைக் குறை சொல்லாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், இரண்டு ஆன்டெனா கொண்ட வைஃபை 4 போன் ஏட்டளவில் 144 எம்பிபிஎஸ் வரைதான் இணையும்; கையில் கிடைப்பது அதில் பாதிக்குச் சற்று மேலே. எல்லா அளவையும் கேபிளில் எடுங்கள்.

முதல் அளவு: ரவுட்டரை விலக்கிவிட்டு லேப்டாப்பை நேரே ஓஎன்டியில் (ஃபைபர் வந்து சேரும் லைன்காரரின் பெட்டி) செருகுங்கள். பிஎஸ்என்எல் ஃபைபர் போல பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) உள்ள லைன் என்றால், பிரிட்ஜ் மோடில் (தானே டயல் செய்யாமல் லைனை அப்படியே கடத்தும் நிலையில்) இருக்கும் ஓஎன்டிக்கு லேப்டாப்பிலேயே யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து டயல் செய்யலாம். இங்கேயே 90 வந்தால், அல்லது பகலில் 290 வந்து இரவு எட்டு மணிக்கு மேல் 60-க்கு விழுந்தால், குற்றம் உங்கள் பெட்டியில் இல்லை. லைன்காரரிடம் பேசுங்கள். ஓஎன்டியின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்; சில மலிவு ஓஎன்டிகளில் ஒரு போர்ட் மட்டும்தான் கிகாபிட், மற்றவை 100.

இரண்டாவது அளவு: ரவுட்டர் வழியாக, கேபிளில், அதே லேப்டாப்.

மூன்றாவதுதான் உண்மையைச் சொல்லும் அளவு. லைனைக் கழற்றிவிட்டு, ரவுட்டரின் வான் போர்ட்டுக்கு (லைன் வரும் பக்கம்) 10.0.0.1 என்று நிலையான முகவரி கொடுங்கள். ஒரு லேப்டாப்பை 10.0.0.2 என்று வைத்து அந்தப் பக்கமும், இன்னொன்றை லேன் பக்கமும் (வீட்டுக்குள் போகும் பக்கம்) செருகி, வான் பக்கத்து லேப்டாப்பில் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் நிரலைச் சர்வராக ஓடவிடுங்கள். லேன் பக்கத்திலிருந்து நான்கு இணையோட்டங்களோடு 30 விநாடி ஓட்டுங்கள். பிறகு திசையைத் திருப்பி மறுபடியும் ஓட்டுங்கள். ஐபெர்ஃப்3-ஐ ரவுட்டருக்குள்ளேயே ஓடவிடுவது பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் ரவுட்டர் பாக்கெட்டைக் கடத்தும் வேகத்துக்குப் பதிலாக, பாக்கெட்டைத் தானே உருவாக்கி உண்ணும் வேகம்தான் தெரியும். சின்ன ப்ராசசரில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

ஓட்டம் நடக்கும்போது ரவுட்டரில் எச்டாப் கட்டளையைத் திறந்து (பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸில் top -P), ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பாருங்கள். நான்கு கோர் உள்ள பெட்டியில் மொத்தச் சுமை 25 சதவீதம் என்று காட்டும். "இன்னும் முக்கால்வாசி காலியாக இருக்கிறதே" என்று தோன்றும். உண்மையில் ஒரு கோர் முழுவதும் நிரம்பி, மற்ற மூன்றும் சும்மா இருக்கலாம்.

## எண் சொல்லும் செய்தி

94-க்கு அருகில் சிக்கினால்: இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருக்கிறது. 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்தால் இணைப்பு துண்டிக்கப்படாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். ஈத்டூல் (பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸில் ஐஎஃப்கான்ஃபிக்) கட்டளை கொடுத்து வேகம் 1000 என்று காட்டுகிறதா பாருங்கள்.

300-க்கு அருகில்: ரவுட்டரில் இரண்டாவது போர்ட்டாக யூஎஸ்பி லேன் அட்டாப்டர் இருந்தால், அது யூஎஸ்பி 2.0 துளையில் செருகப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ராஸ்பெரி பை 3பி பிளஸ்ஸிலும் இதே கதை: போர்ட் கிகாபிட் என்றாலும் உள்ளே யூஎஸ்பி 2.0 வழியாகத்தான் போகிறது. பை 4-இல் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

940-க்கு அருகில்: பழுது இல்லை. கிகாபிட் போர்ட்டின் உச்சமே அதுதான்.

மூன்றாவது அளவில் 940, லைனில் மட்டும் 400, 500: ஒரு கோர் முட்டி நிற்கிறதா பாருங்கள். ஆமென்றால், பிபிபிஓஇ தான் காரணம்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு இறங்கினால்: சூடு.

வேகம் சரியாக வருகிறது, சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன: எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 என்பது 1492 ஆகும். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பிங் அனுப்பிப் பாருங்கள். 1464 பைட் போய், 1465 போகாமல் நின்றால் கணக்கு சரி. ஃபயர்வாலில், பாக்கெட்டின் உள்ளடக்க அளவைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்எஸ் கிளாம்பிங் இயங்குகிறதா என்றும் பாருங்கள், மதிப்பு 1452.

ஒருவர் போட்டோ அப்லோட் செய்ததும் இன்னொருவரின் வீடியோ கால் உடைந்தால்: வேகக் குறைவு அல்ல, வரிசை நெரிசல். மருந்து எஸ்க்யூஎம்.

## வழி 1: இருப்பதையே சரிசெய்வது

செலவு நேரம் மட்டும்தான். அதனால் எல்லோரும் இங்கே தொடங்க வேண்டும். ஆனால் இணையத்தில் கண்ட "வேகமாக்கும் வரிகள்" எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒட்டாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், அளவெடுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அடுத்தது.

லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்டபிள்யூஆர்டி என்றால் முதல் இரண்டு இடங்கள் இவை. நெட்வொர்க் பக்கத்தில் பொது அமைப்புகளின் கீழ் உள்ள பாக்கெட் ஸ்டியரிங்: பாக்கெட் வேலையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். பிபிபிஓஇ லைனில் இதன் பலன் நன்றாகத் தெரியும். லேன் கார்டால் பிபிபிஓஇ உறைக்குள் எட்டிப்பார்க்க முடியாததால் எல்லாவற்றையும் ஒரே வரிசையில், அதாவது ஒரே கோரின் தலையில் கொட்டுகிறது. அடுத்தது ஃபயர்வால் பக்கத்தில் உள்ள ஃப்ளோ ஆஃப்லோடிங்: ஒருமுறை அனுமதித்த இணைப்பை ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மறுபடி சோதிக்காமல் குறுக்கு வழியில் அனுப்பும். ஆனால் ஆஃப்லோடிங்கும் எஸ்க்யூஎம்மும் ஒத்துப்போகாது. இரண்டையும் போட்டுவிட்டு "எஸ்க்யூஎம் வேலை செய்யவில்லை" என்று வருந்துபவர்கள் ஏராளம். பாக்கெட்டுகள் அதன் வரிசைக்கு வராமலே போய்விடுகின்றன என்பதுதான் காரணம்.

ஃப்ரீபிஎஸ்டியில் ஓடும் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் என்றால் பிபிபிஓஇ நெடுநாள் நோவு. நெட்.ஐஎஸ்ஆர்.டிஸ்பாட்ச் என்ற மதிப்பை டெஃபர்ட் என்று மாற்றினால் சுமை பகிரப்படும். பிஎஃப்சென்ஸ் 2.8 பதிப்பிலிருந்து கெர்னலுக்குள்ளேயே ஓடும் புதிய பிபிபிஓஇ டிரைவர் வந்திருக்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் பெட்டியை மாற்றும் முன் பதிப்பை ஏற்றிப் பாருங்கள். டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ என்ற இரண்டு கார்டு வசதிகளும் ரவுட்டரில் அணைந்தே இருக்க வேண்டும். அவை பாக்கெட்டைத் தானே பெறும் கம்ப்யூட்டருக்கானவை, கடத்திவிடும் பெட்டிக்கானவை அல்ல.

எஸ்க்யூஎம் தேவைப்படுபவர்கள் கேபிளில் அளந்த வேகத்தின் 90 முதல் 95 சதவீதத்தை எழுதுங்கள். 300 வந்தால் 270-இல் தொடங்கி மெல்ல ஏற்றலாம். ஃபைபர் பிபிபிஓஇக்கு ஓவர்ஹெட் 44 பாதுகாப்பான மதிப்பு. கேக் என்ற முறை பொதுவாக ஒரு திசைக்கு ஒரு கோரை நம்பியே ஓடுவதால், பல கோர்கள் உள்ள மெதுவான ப்ராசசரைவிட, இரண்டே கோர்கள் உள்ள வேகமான ப்ராசசர் இங்கே மேல்.

இன்னும் மூன்று இடங்களை எட்டிப்பாருங்கள்: சூரிகாட்டாவையும், போக்குவரத்தைக் கண்காணிக்கும் என்டாப்பையும் நிறுத்திவிட்டு ஒருமுறை அளவெடுங்கள், அனுமதிக்கும் விதிகள் ஒவ்வொன்றுக்கும் லாக் எழுதச் சொல்லியிருந்தால் எடுத்துவிடுங்கள், பயாஸிலோ இயங்குதளத்திலோ ப்ராசசரைக் குறைந்த வேகத்திலேயே கட்டிவைக்கும் மின்சேமிப்பு அமைப்பு இருந்தால் மாற்றுங்கள். விளம்பரத் தடுப்புப் பட்டியல்களை வேகக் குறைவுக்குக் காரணமாகப் பலர் நினைக்கிறார்கள். அவை முகவரி தேடும் கட்டத்தில் மட்டும் வேலை செய்பவை. டவுன்லோட் எண்ணைக் குறைக்காது.

இன்னொரு வழியும் உண்டு. பிபிபிஓஇ டயலை ஓஎன்டியிடமே விட்டுவிட்டு, உங்கள் பெட்டிக்குத் தானாகக் கிடைக்கும் சாதாரண டிஎச்சிபி முகவரி வரச் செய்யலாம். ஒற்றைக் கோர் சிக்கல் அந்த நிமிடமே தீரும். மறைமுக விலை: இரட்டை நாட் (இரண்டு பெட்டிகளும் தனித்தனியே முகவரி மாற்றுவது), வெளியிலிருந்து கேமரா பார்ப்பதற்கான போர்ட் திறப்பை இரண்டு இடங்களில் செய்ய வேண்டியது, நிறையப் பேர் சேர்ந்தால் ஓஎன்டியே திணறுவது. வீட்டுக்குப் பரவாயில்லை, லாட்ஜுக்கு வேண்டாம்.

லாட்ஜ் என்று சொன்னதும் ஒன்று. "நெட் ஸ்லோ" என்று அங்கே வரும் புகார்களில் ஒரு பகுதி வேகமே அல்ல. ஓப்பன்டபிள்யூஆர்டி இயல்பாக 150 முகவரிகளைத்தான் வழங்கும், ஒவ்வொன்றையும் 12 மணி நேரத்துக்கு. நோயாளியோடு வரும் உறவினர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இன்றைய போன்கள் போலி மேக் முகவரியைக் காட்டுவதால் ஒரே போன் இரண்டு மூன்று முகவரிகளைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. பட்டியல் நிரம்பியதும் புதிதாக வருபவருக்கு வைஃபை சேரும், நெட் வராது. குத்தகை நேரத்தை ஒரு மணிக்குக் குறைத்து, முகவரிகள் நிறைய உள்ள /22 வலையமைப்புக்கு மாறி, வழங்கும் எண்ணிக்கையை 900-க்கு ஏற்றுங்கள். பைசா செலவில்லை.

## வழி 2: கேபிளும் லேன் கார்டும் மாற்றுவது

94-இல் சிக்கியவர்களுக்கு இதுதான் முழுத் தீர்வு. முதலில் பெட்டிகளை இணைக்கும் சிறிய கேபிளை (பேட்ச் கேபிள்) மாற்றுங்கள். சுவருக்குள் போன கேபிள் என்றால் இரு முனைகளையும் வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யுங்கள். வரிசை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பழைய கட்டடங்களில் ஒரே கேபிளின் நான்கு ஜோடிகளில் இரண்டை ஒரு அறைக்கும் இரண்டை இன்னொரு அறைக்கும் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அங்கே எத்தனை முறை கிரிம்ப் செய்தாலும் 100-தான் வரும், புதுக் கேபிள் இழுத்தே ஆக வேண்டும். அப்போது கேட்6 என்ற அச்சை மட்டும் பார்க்காதீர்கள். அலுமினியக் கம்பிக்குச் செப்பு முலாம் பூசியவை அதே பெயரில் விற்கப்படுகின்றன. கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளி நிறம் தெரிந்தால் வாங்காதீர்கள்.

கார்டுக்கு வருவோம். செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதிகம் கிடைக்கும் எச்61 மதர்போர்டில் ரியல்டெக் 8111 குடும்பச் சிப் ஒன்று பொதுவாக இருக்கும். லினக்ஸில் இது பெரும்பாலும் தொல்லையில்லாமல் ஓடும். ஃப்ரீபிஎஸ்டியில் இதே சிப் சுமை ஏறும்போது இணைப்பை விட்டுவிடுவது நெடுங்காலப் புகார். ரியல்டெக்குக்கான கூடுதல் டிரைவர் பேக்கேஜை நிறுவிப் பார்த்துவிட்டு, அதற்கும் அடங்காவிட்டால் கார்டு வாங்குங்கள்.

வாங்குவதென்றால் இன்டெல் ஐ210 அல்லது இரண்டு போர்ட் ஐ350. ஐ350 என்பது எக்ஸ்4 அளவுள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. கிராபிக்ஸ் கார்டு போடாத பெட்டியில் நீளமான எக்ஸ்16 துளை காலியாக இருக்கும், அதில் செருகலாம். பழைய வெள்ளை நிற பிசிஐ துளையில் போடும் கிகாபிட் கார்டைத் தவிருங்கள். அந்தத் துளையின் மொத்தக் கொள்ளளவே விநாடிக்கு 133 மெகாபைட். போகவும் வரவும் சேர்த்து அவ்வளவுதான்.

சர்வர்களிலிருந்து கழற்றிய ஐ350 கார்டுகளை சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். காட்பாடியில் காலையில் ரயிலேறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். போலி ஐ350 சந்தையில் நிறைய உண்டு. டெல், எச்பி லேபிளோடு சர்வரிலிருந்து வந்தது என்றால் நம்பகம் கூடுதல். உங்கள் கேபினட் உயரமானதா குட்டையானதா என்று பார்த்து அதற்கேற்ற தகட்டையும் கேட்டு வாங்குங்கள். தகடு மாறினால் கார்டு ஆடும், ஆடும் கார்டு இணைப்பை விடும்.

போர்ட் ஒன்றே உள்ள மினி பிசிக்கு வேறு வழியும் இருக்கிறது: மேனேஜ்டு சுவிட்ச் ஒன்றை வைத்து, வான், லேன் இரண்டையும், ஒரே கம்பியில் வலைகளைப் பிரிக்கும் விலான் மூலம் அதே போர்ட்டில் கொண்டுவரலாம். 300, 400 லைனுக்கு இது போதும். யூஎஸ்பி அட்டாப்டரைவிட நிலையானது.

ரவுட்டர் பெட்டியின் உள்ளே இருக்கும் இன்டெல் வைஃபை கார்டையே அக்சஸ் பாயின்டாக மாற்ற முயல வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸில் அக்சஸ் பாயின்டாக இயங்க அவை இடம் தருவதில்லை, 2.4-இல் சிக்கிக்கொள்வீர்கள். தனி அக்சஸ் பாயின்ட் வைத்துக் கேபிளில் இணையுங்கள்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, பழைய டெஸ்க்டாப்பைத் தொடர்ந்து ஓட்டுவதுதான். சராசரியாக 50 வாட் எடுக்கும் பெட்டி ஒரு நாளைக்கு 1.2 யூனிட், 60 நாளுக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதை நினைத்தால், அதில் முக்கால்வாசியை ரவுட்டரே தின்றுவிடும். இன்னொரு கணக்கும் உண்டு: மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படிகளின் சலுகை விலையும் போய்விடும். ஏசி ஓடும் கோடை பில்லில் 450-க்கும் 500-க்கும் இடையில் நிற்கும் வீட்டை இந்த 72 யூனிட் அந்தப் பக்கம் தள்ளிவிடும். உங்கள் கடந்த ஆறு பில்களை எடுத்துப் பாருங்கள்; எல்லையிலிருந்து விலகி இருந்தால் பழைய பெட்டியைத் தயங்காமல் ஓட்டலாம்.

## வழி 3: புது மினி பிசி

இன்டெல் என்100 ப்ராசசர், நான்கு ஐ226 போர்ட், விசிறியில்லாத அலுமினியப் பெட்டி: இன்று சொந்த ரவுட்டர் கட்டுபவர்களில் பெரும்பாலோர் வாங்குவது இது. ரேம், எஸ்எஸ்டி சேர்த்து ஐந்திலக்கத் தொகை ஆகும். கிகாபிட் லைன், எஸ்க்யூஎம், வயர்கார்டு விபிஎன் மூன்றையும் ஒன்றாகத் தாங்கும். 12 வாட் என்று வைத்தால் 60 நாளுக்கு 17 யூனிட். பழைய டெஸ்க்டாப்போடு பார்த்தால் பில்லுக்கு 55 யூனிட் மிச்சம்.

விபிஎன் தேவைப்படும் அலுவலகங்களுக்கு இது நல்ல தேர்வு. ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் நிறுவன அலுவலகம், சென்னைக் கிளையோடு நாள் முழுவதும் இணைந்திருக்க வேண்டும் என்றால், இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3 டெஸ்க்டாப் காலை வாரிவிடும். அந்த ஐ3-களில் ஏஇஎஸ் குறியாக்கத்தை வன்பொருளிலேயே செய்யும் வசதி இல்லை. மினி பிசிகளில் நிறைய விற்ற ஜே1900-இலும் இல்லை. வயர்கார்டு அந்த வசதியை நம்பியிருப்பதில்லை என்பதால், மறுமுனையிலும் வயர்கார்டு போட முடியுமானால் பழைய பெட்டியே இன்னும் சில காலம் ஓடும். மறுமுனை ஓப்பன்விபிஎன் அல்லது ஐபிசெக் தான் என்று பிடிவாதமாக நின்றால் புதுப் பெட்டி வாங்குங்கள்.

இப்போது மறைமுக விலைகள். விசிறியில்லாத பெட்டி என்றால் உடம்பே ஹீட்சிங்க். சுற்றியிருக்கும் காற்று 40 டிகிரி என்றால் அது சூட்டை எங்கே கொட்டும்? கத்திரி வெயிலில் கான்கிரீட் கூரைக்கு அடியில் பரணில் வைத்த பெட்டி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில சமயம் எஸ்எஸ்டி முந்திக்கொண்டு படுத்துவிடும். பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, யூஎஸ்பியில் ஓடும் 80 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை அருகில் வையுங்கள். பயாஸில் பிஎல்1 என்ற மின் வரம்பு 15 வாட்டுக்கு மேல் இருந்தால் 10-க்கு இறக்குங்கள். ரவுட்டர் வேலைக்கு அது போதும்.

செகண்ட் ஹேண்டில் ஐ225 போர்ட் உள்ளது மலிவாக வந்தால் சிப்பின் திருத்தப் பதிப்பைக் கேளுங்கள். பி1, பி2 பதிப்புகளில் இணைப்புக் கோளாறு உண்டு, பி3-இல் திருத்தினார்கள். ஐ226-இல் இணைப்பு அவ்வப்போது விட்டுவிட்டு வந்தால், மின்சேமிப்பு ஈத்தர்நெட்டையும் பயாஸில் ஏஎஸ்பிஎம் என்ற பிசிஐ எக்ஸ்பிரஸ் மின்சேமிப்பையும் அணைத்துப் பாருங்கள்.

யூபிஎஸ் விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஓஎன்டிக்கு வாங்கிய 12 வோல்ட் மினி யூபிஎஸ் பொதுவாக 2 ஆம்பியர் அளவு. மினி பிசியின் அடாப்டர் 3 அல்லது 5 ஆம்பியர். சும்மா இருக்கும்போது ஓடும், சுமை ஏறும் நொடியில் அணைந்துவிடும். இரண்டின் லேபிளையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

பழைய டெஸ்க்டாப்பைத் தொடர்பவர்களுக்கும் இதே இடத்தில் இரண்டு வேலைகள்: இன்வெர்ட்டர் யூபிஎஸ் மோடில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாறும் இடைவெளியில் பெட்டி ரீபூட் ஆகும்; பயாஸில் கரண்ட் திரும்பியதும் தானே ஆன் ஆகும்படி வைக்க வேண்டும். சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால் கடிகாரம் பின்னுக்குப் போய், விபிஎன் சான்றிதழ்கள் செல்லாமல் போகும். அதுவும் "நெட் ஸ்லோ" என்றே புகாராக வரும்.

## வழி 4: ரெடிமேட் ரவுட்டருக்குப் போவது

சொந்தப் பெட்டி மேல் பற்றுள்ளவர்களுக்கு இது தோல்வி போலத் தோன்றும். அப்படி இல்லை. 300 எம்பிபிஎஸ் வரை, விபிஎன் இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் இதுதான் சரியான தேர்வு. ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றக்கூடிய மாடலாக வாங்கினால் பழகிய அமைப்பும் கையை விட்டுப் போகாது.

மீடியாடெக் எம்டி7621 சிப் உள்ளவை மலிவு. வன்பொருள் ஆஃப்லோடிங்கை இயக்கினால் கிகாபிட்டை எட்டும். எஸ்க்யூஎம் போட்டாலோ அந்தக் குறுக்கு வழி அடைபடும். மீதியிருக்கும் 880 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர் கிகாபிட்டில் பாதியைக்கூடத் தொடாது. எஸ்க்யூஎம்மும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் எம்டி7981, எம்டி7986 போன்ற ஃபிலாஜிக் சிப் உள்ளதாகப் பாருங்கள். 16 மெகாபைட் ஃப்ளாஷ் மட்டும் உள்ள மாடலில் கூடுதல் பேக்கேஜ்களுக்கு இடமிருக்காது. வேறு ஃபர்ம்வேர் ஏற்றினால் வாரன்டி பெரும்பாலும் போகும்.

12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸிலேயே ஓஎன்டியையும் இதையும் ஓட்டலாம் என்பது கரண்ட் அடிக்கடி போகும் கிராமத்து வீடுகளுக்குப் பெரிய வசதி.

## ஒரே பார்வையில்

| | செட்டிங்ஸ் | கேபிள், கார்டு | புது மினி பிசி | ரெடிமேட் |
|---|---|---|---|---|
| பணம் | இல்லை | நூறுகளிலிருந்து சில ஆயிரம் | ஐந்திலக்கம் | சில ஆயிரம் |
| எந்த அறிகுறிக்கு | ஒரு கோர் நிரம்புதல், எம்டியு, நெரிசல் | 94, 300-இல் சிக்குதல், இணைப்பு விட்டுவிட்டு வருதல் | விபிஎன், ஊடுருவல் தடுப்பு, 500-க்கு மேல் லைன் | பராமரிக்க ஆள் இல்லாமை |
| 60 நாள் கரண்ட் | மாற்றமில்லை | சுமார் 72 யூனிட் தொடரும் | சுமார் 17 யூனிட் | அதனினும் குறைவு |
| மறைமுக விலை | நேரம், தவறான மாற்றங்கள் | போலி கார்டு, பொருந்தாத துளை | கோடைச் சூடு, பெரிய யூபிஎஸ் | எஸ்க்யூஎம் போட்டால் வேகம் குறையும் |
| நின்றுபோனால் | பழைய பேக்கப்பை ஏற்றலாம் | பழைய கார்டு கைவசம் | உதிரி கிடைக்க நாளாகும் | கடையில் அன்றே வேறு வாங்கலாம் |

## மூன்று பேருக்கு

சத்துவாச்சாரி வீடு, 300 எம்பிபிஎஸ், எச்61 டெஸ்க்டாப்: கேபிளை மாற்றி, பாக்கெட் ஸ்டியரிங் இயக்கி அளவெடுங்கள். 280-க்கு மேல் வந்தால் வேகத்துக்காக எதுவும் வாங்க வேண்டாம். கரண்ட் பில் உறுத்தினால் அதற்காக ரெடிமேடுக்கு மாறலாம், அது வேறு கணக்கு.

காட்பாடி மாணவர் அறை: அடிக்கடி அறை மாறுபவர்களுக்கு டெஸ்க்டாப்பே சுமை. விளையாட்டு, வீடியோ கால், டவுன்லோட் மூன்றும் ஒரே லைனில் மோதுவதால் எஸ்க்யூஎம் கட்டாயம். 200 எம்பிபிஎஸ்ஸுக்குள் என்றால் ஃபிலாஜிக் சிப் உள்ள ஒரே ரெடிமேட் பெட்டி, நான்கு பேர் பங்கில்.

லாட்ஜ்: முதலில் முகவரிப் பட்டியல், பிறகு எஸ்க்யூஎம்மில் ஒவ்வொரு கருவிக்கும் சமபங்கு. அதன்பிறகும் மாலை வேளையில் ஒரு கோர் நிரம்பினால் என்100 வாங்குங்கள். வாங்கியதும் பழைய டெஸ்க்டாப்பை விற்றுவிடாமல், அமைப்புகளை ஏற்றி, கேபிள்களுக்கு வான், லேன் என்று லேபிள் ஒட்டி, ரிசப்ஷனுக்கு அடியிலேயே வைத்திருங்கள். பெட்டி நின்றுபோன இரவில் கவுன்ட்டரில் இருப்பவர் இரண்டு கேபிளை மாற்றிச் செருகினால் போதும்; அதை அவரை வைத்தே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.